பொய்ப் பணத்தில் ஒரு விமான டிக்கெட்

ஐம்பத்தொன்பது வயதில் உனக்கு ஷேர் மார்க்கெட் விளையாட்டா என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. கேட்டால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கேட்டது ஒரே ஒருத்திதான், பக்கத்து வீட்டு சுலோசனா. கொள்ளேகால்காரி.

"ஏனுங்க சிஸ்டர், நெசப் பணமுங்களா?"

"பொய்ப் பணம்டி. விலை மட்டும் நெஜம். ஃபோன்ல விளையாட்டு நடத்துற கம்பெனிக்காரங்களே பத்து லட்சம் குடுப்பாங்க. அதை வெச்சு ஒரு மாசம் வாங்கி விக்கணும். யாருக்கு ஜாஸ்தி லாபமோ அவங்களுக்கு ப்ரைஸ்."

"உங்களுக்கு என்னத்துக்குங்க இந்த வேலை?"

"உன் வேலையைப் பாரு, போ."

முதல் பரிசு என்னவென்று அவளிடம் சொல்லவில்லை. விமான டிக்கெட். யார் பெயருக்கு வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் போட்டுத் தருவார்களாம். என் மகன் லாய்ட் டொராண்டோவில் இருக்கிறான். அவன் அப்பா பர்னபாஸ் அடக்கத்துக்கு வந்தவன்தான். அதற்குப் பிறகு நாலு கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும், "டிக்கெட் ரேட் எக்கச்சக்கமா ஏறிப்போச்சும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பான். நான் பணம் அனுப்புகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம் என்பான். ரோஷக்காரன். பரிசாக வந்த டிக்கெட்டை எப்படி வேண்டாம் என்பான்? இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் இந்த வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பங்குச்சந்தையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் வார்டு சிஸ்டர். என் குரல் கேட்டால் டாக்டர்களே செருப்புச் சத்தம் வராமல் நடப்பார்கள். எனவே இதையும் வார்டு மாதிரியே நடத்தினேன். வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் ஒரு படுக்கை. அடிக்கடி ரவுண்ட்ஸ். தேறியவர்களை டிஸ்சார்ஜ் செய்தேன், விழுகிறவர்களை விட்டு நகரவில்லை. ஒரு சர்க்கரை ஆலை விழுந்துகொண்டே இருந்தது. விளையாடுகிறவர்கள் எல்லாரும் அதை விற்றுவிட்டு ஓடினார்கள். இழுத்துக்கொண்டிருக்கிற ஆளை விட்டுவிட்டு நான் டீ குடிக்கவா போவேன்? இன்னும் கொஞ்சம் வாங்கினேன். விவரம் தெரிந்தவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். பைத்தியக்காரத்தனமேதான்.

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மாசம் எனக்கு நன்றாகவே போயிற்று. காலையில் குளித்து, தலை வாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார ஒரு காரணம் இருந்தது. சாயங்காலம் சந்தை மூடியதும்தான் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

மைசூரே விளக்குப் போடுகிற தசரா வந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சுலோசனா சுண்டல் கொண்டுவந்து, "வாங்க சிஸ்டர், லைட்டு பாக்கப் போலாமுங்க" என்றாள். "அந்தக் கூட்டத்துல யாரு மிதிபடறது" என்று கதவைச் சாத்தினேன். பிறகு சாத்திய கதவுக்குப் பின்னாலேயே நின்று அவர்கள் ஆட்டோ ஏறுகிற சத்தத்தைக் கேட்டேன்.

விளையாட்டு முடிகிற வாரம் டெல்லியிலிருந்து சர்க்கரை விலையைப் பற்றி என்னமோ அறிவிப்பு வந்தது. என் ஆலை எழுந்து உட்கார்ந்தது. மறுநாள் நடந்தது. அதற்கு மறுநாள் ஓடியது. கடைசி நாளில் எல்லாவற்றையும் விற்றேன். சாயங்காலம் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது: மோலி பர்னபாஸ், மைசூர். "ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட கூச்சலில் சுலோசனா கரண்டியோடு ஓடிவந்தாள். அவளை அனுப்பிவிட்டு லாய்டைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"சூப்பர்மா! டிக்கெட்டா? எங்க போகப்போற?"

"நான் எங்கடா போறது? நீ வரப்போற. உன் பேரைத்தான் குடுக்கப்போறேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே போடச் சொல்லட்டுமா?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

"மா... டிக்கெட் இல்லம்மா விஷயம்."

"பின்ன?"

"போன மே மாசம் நாங்க வந்திருந்தோம். கொச்சிக்கு. ஜோவிதா வீட்டுக்கு. ரெண்டு வாரம் இருந்தோம்." ஜோவிதா அவன் மனைவி. "மைசூர் வரணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு. அப்பா அடக்கத்தன்னிக்கு, காபி ஆறிப்போச்சுன்னு அவளை எல்லார் முன்னாடியும் என்ன பேச்சு பேசினே. எனக்கும் நம்ம வீட்டுக்கு வந்தா உன் வார்டுக்கு வந்த மாதிரிதாம்மா இருக்கு. என்னால திட்டு வாங்க முடியலை."

எனக்கு ஆத்திரம் வந்தது. கொச்சி வரைக்கும் வந்தாயே பாவி, பெற்றவள் இருக்கிறாளா செத்தாளா என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா? எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. விழுங்கினேன்.

"அப்ப கொச்சியில மழையாடா?" என்றேன்.

"ஆமாம்மா. கொஞ்சம்." ஆபீசுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.

மறுநாள் விளையாட்டு நடத்துகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெங்களூர்த் தமிழ்ப்பெண், மரியாதையான பிள்ளை. லாய்டின் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

"பெங்களூருக்குத்தானே மேடம்? மைசூருக்கு அதானே பக்கம்."

"இல்லம்மா. கொச்சிக்குப் போடு."

"கொச்சியா மேடம்? நீங்க இருக்கறது மைசூருல்ல?"

"அங்கன்னா வருவான். இங்கிருந்து பஸ் இருக்குது. நான் போய் ஒரு நாள் பார்த்துட்டுத் திரும்பிடறேன்."

"சரி மேடம். எந்தத் தேதிக்கு?"

"அதை அவன்தான் சொல்லணும். நீங்களே அவனுக்கு ஃபோன் பண்ணிக் கேப்பீங்கள்ல?"

"ஆமா மேடம், பாஸ்போர்ட் டீடெயில்ஸ் வாங்கணும்ல."

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிடும்மா," என்றேன். "அம்மா திட்ட மாட்டாங்களாம்னு சொல்லு."