கடைசியில் பேசிக்கொள்ளலாம்

துணிக்கடைக்காரர் அந்தத் தாளைக் கல்லூரி அலுவலகக் கண்ணாடித் தடுப்பின் அடியில் இருந்த இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். மூன்று வருடமாக மகளின் கோப்பில் கிடந்து மடிப்பில் கிழிந்துபோன தாள். தலைப்பில் 'சர்வதேசப் பொருளாதாரம்: இளங்கலைப் பட்டத்துக்கான தேவைகள்' என்று அச்சாகியிருந்தது. கீழே நுண்ணியல், பேரியல், புள்ளியியல், பன்னாட்டு வணிகம், அந்நியச் செலாவணி, ஆய்வேடு என்று வரிசையாகப் பாடங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மகள் பச்சை மையில் டிக் அடித்திருந்தாள். ஒரே ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை. 'அயல்மொழி ஒன்று, நான்கு நிலைகள்.' அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டம் போட்டவர் அவர்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கடையில், துணி வெட்டும் மேசைமேல் இந்தத் தாளை விரித்துவைத்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிலை முடிந்துவிட்டது, இன்னும் இரண்டுக்கு நேரம் எங்கே என்று மகள் அலுத்துக்கொண்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். எந்த ஆலைக்காரனுக்கும் அவன் சொன்ன விலையை அப்படியே கொடுத்தவரில்லை அவர். தான் சொன்ன விலையை எவரிடமும் அப்படியே வாங்கியவருமில்லை. அச்சடித்த தாளா அவரை மிரட்டப்போகிறது?

"இது சொல்ற விலைடா கண்ணு. நாலுன்னு எழுதினவன், ரெண்டு வந்தாப் போதும்னு உள்ளுக்குள்ள நெனச்சிருப்பான். இதைக் கடைசியில பேசிக்கலாம். கடை சாத்துற நேரத்துல எவனும் வந்த ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டான்."

மகள் சிரித்தாள். மிச்சப்பட்ட நேரத்தில் கணிதத்தில் இரண்டு பாடம் கூடுதலாக எடுத்துக்கொண்டாள்.

இப்போது கடை சாத்தும் நேரம். துறைமுகத்துச் சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்று அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழ் வராவிட்டால் அந்த நாற்காலி பட்டியலில் அடுத்தவருக்கு. அவகாசம் கேட்டு நேற்று போன் செய்தாள். அடுத்தவர் தயாராக இருக்கிறார் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகத்து அம்மாள் தாளைத் தொடவில்லை, கணினியைப் பார்த்தாள்.

"மொழி ரெண்டு நிலை பாக்கி சார். அது முடியாம பட்டம் வராது."

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கோம்." குரலில் தேனைக் குழைத்தார். "கணக்குல ரெண்டு பாடம் கூடவே படிச்சிருக்கா பாருங்க. அதை இதுக்கு ஈடா வச்சுக்கங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

"அது கூடுதல் சார். இதுக்குப் பதில் ஆகாது."

"சரி, பாதிக்குப் பாதி. மூணாவதை இந்த மாசமே எழுதிடுவா. நாலாவதை நீங்க கண்டுக்காதீங்க."

"மூணாவது இனி அடுத்த வருஷம்தான் சார் நடத்துவாங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தெம்பு வந்திருக்கும். கோபம், சிரிப்பு, ஒரு சலிப்பு, கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு பார்வை, ஏதாவது ஒரு நூல் நுனி அகப்பட்டால் போதும், முழுத் துணியையும் உருவிவிடுவார். இந்த அம்மாளிடம் பொறுமை மட்டும்தான் இருந்தது. அவளுக்கு விற்க வேண்டியது ஒன்றுமில்லை என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது.

"அப்பா, போதும்ப்பா."

"நீ சும்மா இரு. மொதல்லயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"மொழி டீச்சர் சொன்னாங்க." மகள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னாங்க. எங்கப்பா பேசிக்குவார்னு சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவரிடம் ஒரே ஒரு வித்தைதான் பாக்கி. இடுக்கில் விரல்விட்டுத் தாளை வெளியே இழுத்து நிதானமாக நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி, வாம்மா போகலாம்," என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

இந்த நடைக்கு ஓர் இலக்கணம் உண்டு. வேகம் கூடாது, திரும்பிப் பார்க்கவே கூடாது. ஏழாவது அடிக்குள் பின்னாலிருந்து விற்பவன் கூப்பிடும் குரல் வரும். சிறுமியாக அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சந்தை சந்தையாக இந்த அடிகளை எண்ணியவள்தான் பக்கத்தில் வந்தாள். நான்கு. ஐந்து. அவர் நடை இன்னும் தளர்ந்தது. மகளும் அதற்கேற்பத் தன் காலைத் தளர்த்தினாள்.

ஆறாவது அடியில் குரல் வந்தது.

"அடுத்தது யாரு? வாங்க."

பெஞ்சில் இருந்து யாரோ எழுந்து போனார்கள். துணிக்கடைக்காரர் திரும்பவில்லை. ஏழாவது அடிக்காகத் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிடச் சின்னதாக ஓர் அடி வைத்தார். தாழ்வாரம் நீளமாகக் கிடந்தது. மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மெதுவாக, மிக மெதுவாக, வாசலை நோக்கி நடந்தார்கள்.