ஓட்டுநர் இருக்கையில் அரிசி

1.

இந்தக் கதை பக்கத்து வீட்டு வாசலில் கிடைத்தது. ஜப்பானில் இந்தக் குன்மாவுக்கு வந்து பல வருஷமாகியும் எனக்கு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் புத்தி போகவில்லை. அன்று அந்த வீட்டுக்காரர் தன் காரின் ஓட்டுநர் இருக்கையில் இரண்டு அரிசி மூட்டைகளை உட்கார வைத்து, அவற்றுக்கு சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஆள் உக்காந்தா வலப்பக்கம் தாழுதுங்க. என் எடைக்கு அரிசியை வெச்சு உயரத்தைச் சரி பண்றேன்" என்றார்.

அவ்வளவுதான். அவர் குடும்பத்தில் எல்லோரும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறார்கள். நான்தான் வீட்டுக்கு வந்து, கை சும்மா இருக்காமல், கதையில் அந்த இருக்கைக்கு உரியவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கனாய் இசாவோவுக்கு மகனின் காரைக் கண்டாலே ஆகாது.' இதைப் படித்ததுமே அப்பாவும் மகனும் கடைசியில் ராசியாகிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அடித்தேன்.

பிறகு: 'அந்த வெள்ளைக் கார், அழப்போகும் முகம் போல ஒரு பக்கமாக—'

(கார் அழாது. சாய்ந்து நின்றது, அவ்வளவே.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். இசாவோவின் மகன் கோஹெய்க்கு இருபத்தாறு வயது. வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியான சஸ்பென்ஷனை செகண்ட் ஹாண்டில் வாங்கித் தானே காரில் மாட்டினான். இடம் வலம் சமமாக்குவதற்குள் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. (நோயின் பெயரை எழுதி எழுதி அடித்தேன். பெயர் வந்ததும் கதை அதைப் பற்றியதாகிவிடுகிறது.) அவனை மாயெபாஷி நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கார் வீட்டு முன்னால் வலது தோள் இறங்கினாற்போல் நின்றது.

மாதங்கள் போய், ஒரே ஒரு ராத்திரி வீட்டில் தங்கிவர டாக்டர் அனுமதி கொடுத்தார். அதைச் சொன்ன அன்று கோஹெய் அப்பாவிடம் கேட்டான்.

"அப்பா, நான் வர்றதுக்குள்ள அந்த வலப்பக்கத்தைத் தூக்கி வைங்க. ஓட்ட விடமாட்டாங்க, தெரியும். சும்மா ஒரு தடவை உக்காந்து பாக்கணும்."

"தரையைத் தேய்ச்சுக்கிட்டுப் போற வண்டிக்கு அழகு வேறயா?"

"வெறும் வண்டியா வெச்சு அளந்துடாதீங்க. நான் உக்காந்த மாதிரி எடை வைங்க. அரிசி மூட்டை போதும்."

"எனக்குத் தெரியும்டா. மெஷினுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி பேசாத."

3.

இசாவோ வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். முப்பது கிலோ மூட்டை இரண்டு, அதன் மேல் எட்டு லிட்டர் தண்ணீர் கேன். மொத்தத்துக்கும் பெல்ட். ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, கொக்கி ஸ்பேனரால் வளையத்தைத் திருகினார். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் பொய் சொல்லும். காரை முன்னும் பின்னும் உருட்டினால்தான் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரும். அதற்காக மனைவியைக் கூப்பிட்டார்.

மசுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"இது யாருங்க?"

"கோஹெய்."

"எவ்வளவு?"

"அறுபத்தெட்டு."

பின்னால் போய்த் தள்ளினாள். கார் போய் வந்தது. இசாவோ குந்தி உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தார். ஒன்றுபோல் இருந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"காலைல நர்ஸ் எடை பாத்தா" என்றாள் மசுமி. "நாப்பத்தேழு. நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

"வீட்டுச் சாப்பாடு உள்ள போனா ஏறிடும்."

"ஒரு ராத்திரிலயா?"

அவர் டேப்பைச் சுருட்டினார்.

"இருபத்தொரு கிலோவை இறக்கிட்டு மறுபடி பண்ணுங்க. அவன் உக்காரப் போறது ஒரு தடவை. அப்பவாவது நேரா இருக்கட்டும். இப்படியே விட்டா வலப்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். பாத்ததும் அவனுக்குப் புரிஞ்சுடும்."

"நாப்பத்தேழுக்கு வெச்சா? அப்பன் தன் கையாலேயே முடிவு கட்டிட்டான்னு அவனுக்குப் புரியாதா?"

இரண்டு பேரும் காரின் இரு பக்கமும் நின்றார்கள். பெல்ட் போட்ட அரிசி நடுவில் இருந்தது.

(இருபத்தொரு கிலோ ஒரு காருக்கு மிஞ்சிப் போனால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். கோஹெய் கண்ணுக்குத் தெரியும்.)

4.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் அவன் அறுபது கிலோ இருந்தான். கதையில் வலு இல்லை என்று ஐம்பத்துநாலு ஆக்கினேன். அப்புறம் நாற்பத்தேழு. நான் திருத்தத் திருத்த அவன் இளைத்தான், கதை தேறியது. இப்படித் தேறுகிற கதை எனக்கு எதற்கு என்று பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து அவனுக்கு எழுபது கிலோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். வந்தான், உட்கார்ந்தான், கார் நேராக நின்றது, அப்பா சிரித்தார். அம்மாவை எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியவில்லை. எந்த வரியில் நிறுத்தினாலும் மசுமி என்னைத்தான் பார்த்தாள். அவளை ஏமாற்ற எனக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

5.

இன்னும் சில முடிவுகள். இசாவோ தண்ணீர் கேனை மட்டும் இறக்கிவிட்டு, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று சமாதானமாகிறார். (வியாபாரம்.) இசாவோ தானே அந்த இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி—

வேண்டாம். போன் அடித்தது. கோஹெய்தான்.

"ஆச்சாப்பா?"

"ஆச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு."

"உருட்டிப் பாத்தீங்களா?"

"உங்கம்மா தள்ளினா."

"அம்மாவா? நல்ல ஆளைப் பிடிச்சீங்க."

அவன் சிரித்தான், பிறகு இருமினான். அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். வேலை தெரிந்த எவனும் அதைத்தான் கேட்பான். அந்தக் கேள்வி வராமலிருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன்: சிக்னலைத் துண்டித்தேன், நர்ஸை உள்ளே அனுப்பினேன், அப்பாவின் கையிலிருந்து போனையே கீழே போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பக் கூப்பிட்டான்.

"எத்தனை கிலோ வெச்சீங்க?"

இசாவோ மசுமியைப் பார்த்தார். அவள் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"(          ) கிலோடா."

அந்த இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. என்னால் முடியவில்லை. நீங்கள் எந்த எண்ணை எழுதினாலும் இசாவோ அதற்கேற்ப மூட்டையை மாற்றி, வளையத்தைத் திருகி வைத்துவிடுவார். சொன்ன சொல் தவறாதவர். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒன்று. போனின் அந்தப் பக்கம் கோஹெய் காத்துக்கொண்டிருக்கிறான். காலையில் நர்ஸ் எடை பார்த்தபோது, மெஷினிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அவனும் குனிந்து பார்த்தான்.