பித்தளைக் கூம்பு

சூசைராஜ் ரங்கூனை விட்டுக் கிளம்ப ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. 'இந்த ஆள் இல்லாமலும் வேலை நடக்கும்' என்று அதிகாரி ஊ பா சோ எழுதிக் கையெழுத்துப் போட்டால், அடுத்த கப்பலில் ஏறிவிடலாம். மனைவி மார்த்தாவும் பிள்ளைகளும் முன்னாலேயே மதராஸ் போய், பங்காளி வீட்டுத் தாழ்வாரத்தில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்த 1965ஆம் வருஷம் அது.

இன்யா ஏரிக்கரையில் இருந்த படகு கிளப்பில் அவனுக்குப் பாய்மரக் கம்பி வேலை. வெள்ளைக்காரர்கள் போன பிறகு படகுகள் ஒவ்வொன்றாக உளுத்துப்போய், ஓடக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதிலும் பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பி பிரிவிட்டுப் போயிருந்தது. ஊ பா சோ வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை.

"புதுக் கம்பி ஸ்டோரில் இருக்கிறது. ஆனால் நுனியில் மாட்டும் இந்தச் சீமைக் கொக்கியை ஒரு தடவைதானே மாட்ட முடியும்? இனி இறக்குமதியும் கிடையாது. படகைக் கழித்துவிடலாம். படகே இல்லையென்றால் நீ எதற்கு? கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார் பர்மிய மொழியில்.

சயா என்றால் பர்மிய மொழியில் ஐயா. 'ஆமாம் சயா' என்றால் முடிந்தது. எந்த மடையனுக்கும் அது வாயில் வரும்.

"யார் சொன்னது சயா? கழற்றி மறுபடியும் மாட்டலாம். உள்ளே கம்பியைக் கவ்விப் பிடிக்கிற கூம்பு மட்டும்தான் புதுசு வேண்டும்" என்றான் சூசைராஜ்.

கேன்டீன் நடத்தும் மீனம்மாள், அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி, இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதிகாரி போனதும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமான்னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? மார்த்தாக்கா அங்க ஒத்தையில கெடந்து தவிக்குது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல அண்ணே. மாட்டுற மாதிரி மாட்டுங்க. இழுத்துப் பாக்கறப்பவே பிச்சுக்கிட்டு வரட்டும். ஆகாது சயான்னு கைய விரிச்சிருங்க."

"சரிம்மா" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

வேலையைக் கெடுத்துவிடுவது என்ற முடிவோடு பட்டறையில் உட்கார்ந்தான். இரண்டு ஸ்பேனர் போட்டுக் கொக்கியைத் திருகிக் கழற்றினான். கம்பியை அதன் கூட்டிலிருந்து தட்டி வெளியே எடுத்தான். இழைகளுக்கு நடுவே பழைய கூம்பு நசுங்கிக் கிடந்தது. அதையே திரும்பப் போட்டால் போதும், கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதைக் கையில் எடுத்தான். அளவு பார்ப்பதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்டோரில் கிடந்த பித்தளைத் துண்டில் துளைபோட்டு, அதைச் சரிவாக அராவ ஆரம்பித்தான்.

கூட்டையும் கொக்கியையும் மண்ணெண்ணெயில் கழுவி, மரை எங்காவது வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு கீறலாவது இருக்கக் கூடாதா மாதாவே என்று வேண்டிக்கொண்டான். இல்லை.

கூட்டை முதலில் புதுக் கம்பியில் கோத்தான். வெளி இழைகளைப் பிரித்து, நடுவில் இருந்த கம்பியில் புதுக் கூம்பைச் செருகி, இழைகளைச் சுற்றிலும் படியவைத்து முறுக்கி, கொக்கியைத் திருகி மாட்டினான். பிறகு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மறுபடி கழற்றிப் பார்த்தான். அது அவன் வழக்கம். இரண்டு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அப்படியே விட்டிருந்தால் மார்த்தாவிடம் போயிருக்கலாம். நிமிர்த்தி வைத்து, கிரீஸ் தடவி, இறுக்கினான்.

பாய்மரம் நின்றது. காற்று நன்றாக அடித்த ஒரு நாளில் ஊ பா சோவே படகை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிவிட்டு, லுங்கி நனைய, வாயெல்லாம் பல்லாகக் கரையேறினார்.

"இது வேறு யாருக்காவது செய்ய வருமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் தோட்டக்காரன் சின்னத்தம்பி நின்றுகொண்டிருந்தான். அவனைக் கைகாட்டியிருக்கலாம். சின்னத்தம்பியும் மறுத்திருக்க மாட்டான்.

"அந்தக் கூம்பை அராவ என்னால் மட்டும்தான் முடியும் சயா" என்றான் சூசைராஜ்.

"அப்படியானால் உன்னை எப்படி விடுவது?" என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். உளுத்த படகுகளில் இருக்கும் கொக்கிகளையும் கழற்றிப் பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டு, ஒரு சுருட்டும் கொடுத்துப் போனார்.

மீனம்மாள் டீயோடு வந்தாள்.

"மார்த்தாக்காவுக்கு என்னன்னு சொல்லி அனுப்புவீங்க?"

"படகு நல்லா ஓடுதுன்னு" என்றான். சொல்லிவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். நன்றாகத் திட்டிவிட்டுப் போவதற்காக வந்தவள், டீ ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னாள்.