பத்து மணி ரொட்டி

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பொன்னையா ஒருவர்தான் வாத்தியார். பள்ளியை ஒட்டிய அறையில் தனியாகக் குடியிருந்தார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து ஜனங்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். தோட்டத்தை ஆளும் துரையின் பங்களாவில் அவரை நிற்கவைத்தே பேசுவார்கள். உட்காரச் சொல்லி ஒரு வாய் சோறு போட இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. பிள்ளைகள் போய்விட்டால் மழைச்சத்தம்தான் துணை.

பிள்ளைகள் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார்கள். பத்து மணிக்கெல்லாம் கண் சொருகிவிடும். பசியில் சாய்கிற பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்கிறவன் மனுஷனா? இதில் மீனம்மாவின் கவலை வேறு. பத்து வயது, தாயில்லாத பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளைத் தோட்ட வேலைக்குப் பேர் பதிய அப்பன் வீரய்யா முடிவு செய்துவிட்டான்.

"படிப்பு நல்லதுதாங்க வாத்தியாரய்யா. ஆனா பேரு பதிஞ்சா அவளுக்கும் தோட்டத்துல தனியா அரிசி போடுவாங்க. என் அரிசியில ரெண்டு வயிறு நெறைய மாட்டேங்குது."

"பள்ளியில நான் சாப்பாடு போட்டா அனுப்புவியா?"

"அப்படின்னா படிக்கட்டுமுங்க."

பொன்னையா துரையிடம் போய்க் கெஞ்சினார். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாரோ என்னவோ, மாதம் ஒரு மூட்டை கோதுமை மாவு கொடுக்கச் சொன்னார் துரை. பொன்னையாவே தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து ரொட்டி சுட்டார். பத்து மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் அவரும் உட்காருவார். யாரோடாவது சேர்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று! அந்தச் சில வாரங்கள் அவர் சந்தோஷமாக இருந்தார்.

ஆனால் மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார். பள்ளி மணி தேயிலை மலைக்கும் கேட்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு விடும் நேரத்தில் அடித்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. பத்து மணியோ வேலை நேரம். கொழுந்து பறிக்கும் பிள்ளைகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பசித்து வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இருப்பதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்.

மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நேரே வந்து நின்றார். "மாஸ்டர், நீங்க மணி அடிச்சா என் மலை காலியாகுது!"

அடுத்த மாதம் மாவு வரவில்லை. பிள்ளை பசித்தால் துரை பொறுத்துக்கொள்வார். கொழுந்து முற்றினால் பொறுப்பாரா? பொன்னையா தன் சம்பளத்தில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. வீரய்யா முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான், மகளுக்குப் பேர் பதிந்தாயிற்று என்று.

ரொட்டி நின்றதும் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

ஒருநாள் பத்து மணிக்கு, முதுகில் கூடையோடு வாசலில் மீனம்மா நின்றாள். பொன்னையா உள்ளே போய்த் தனக்கென்று வைத்திருந்த ரொட்டியை எடுத்துவந்து நீட்டினார்.

"வேணாங்க சார். எனக்குத்தான் இப்ப அரிசி போடுறாங்களே." அவள் கழுத்தை நீட்டிக் கரும்பலகையைப் பார்த்தாள். "இன்னிக்கு என்ன பாடமுங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள், மேலேயிருந்து கங்காணி அவள் பேரைச் சொல்லிக் கத்தினார். என்ன பாடம் என்று தெரிந்துகொள்ளாமலே மீனம்மா மலைக்கு ஓடினாள்.