எந்த ஊர் மண்ணைக் கரைப்பது

கறிவேப்பிலைத் தொட்டியின் அடிமண்ணைச் சிவமணி கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் நாகேந்திரம் பல்கனிக் கதவில் சாய்ந்து நின்றார். அவருடைய கடைக்குச் சேலை வாங்க வரும் சனம் கரையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதுபோல, அந்த மண்ணைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது எங்கட அளவெட்டி மண்தானேப்பா? யாழ்தேவி ரயில் ஓடின காலத்தில கறிவேப்பிலைக் கண்டு கொண்டுவரேக்க வேரோட ஒட்டிக்கொண்டு வந்தது," என்றாள் சிவமணி.

"ஓம். அதுக்குப் பிறகு இத்தினை வருசமாய் அது குடிச்சது வெள்ளவத்தைப் பைப்புத் தண்ணியும், நீர் அரிசி கழுவி ஊத்தின தண்ணியும். இப்ப அது எந்த ஊர் மண் எண்டு அதையே கேட்டுப் பாரும்."

"பகிடி விடுற நேரமே இது?" சிவமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மண்ணைச் சிரட்டையில் அள்ளினாள்.

நேரம் அதுவல்லதான். உள்ளே நடு அறைக் கட்டிலில் நாகேந்திரத்தின் அக்கா கனகேஸ்வரி போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றிரவு தாண்டாது என்று சொன்ன டாக்டர், மறுநாள் வந்து பார்த்துவிட்டு அதையே திரும்பவும் சொன்னார். அதற்கு மறுநாள் வெட்கத்தில் வரவில்லை. பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும், எண்ணெய் காணாத தையல் மெசின்போல, நின்று நின்று ஓடியது.

நாகேந்திரம் கடையைப் பூட்டிப்போட்டுக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தார். அவருக்கு ஒரு பழைய மனக்குறை. அக்கா உலகம் சுற்றியவள். லிஸ்பன், கெய்ரோ, இஸ்தான்புல் என்று எங்கெங்கோ, எல்லாம் தன்னந்தனியாக. ஆனால் ஒருமுறைகூடத் தம்பியிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. காலையில் தேத்தண்ணியோடு அறைக்குப் போனால் கட்டில் காலியாக இருக்கும், போர்வை மடித்திருக்கும். அவ்வளவுதான். இந்த முறை அந்த விளையாட்டு நடக்காது, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்து அனுப்பியே தீருவேன் என்று அவர் மனதுக்குள் அடித்துச் சொல்லியிருந்தார்.

டாக்டர் வராமல் விட்ட வீட்டுக்கு இரத்தினம்மா மாமி வருவார். தூரத்துச் சொந்தம், பக்கத்து ஒழுங்கை. வெள்ளவத்தையில் எந்தத் தமிழ் வீட்டில் உயிர் இழுபட்டாலும் மாமிக்கு ஆள் போகும். மாமியின் கணிப்பு எப்போதும் ஒன்றுதான்: ஏதோ ஓர் ஆசை காலைப் பிடித்து இழுக்கிறது. பாசமென்றால் உரித்துக்காரர் கையால் பால் பருக்கவேண்டும். பொன்னாசையென்றால் பொன் உரைத்த தண்ணீர். மண்ணாசையென்றால் ஊர் மண்ணைக் கரைத்த தண்ணீர். எது என்று பிடித்துவிட்டால் ஒரு கரண்டியோடு காரியம் முடியும்.

காலையில் தம்பியும் தம்பி பெண்சாதியும் பால் பருக்கினார்கள். கடைவாயால் வழிந்தது. மத்தியானம் சிவமணியின் காப்பை அம்மியில் உரைத்தார்கள். பொன்னாசை உள்ளவள் சீதனத்துக்கென்று தாய் சேர்த்து வைத்த நகை முழுவதையும் விற்று விமானச் சீட்டு வாங்குவாளா என்று நாகேந்திரம் கேட்டுப் பார்த்தார். மாமி கேட்கவில்லை. அதுவும் வழிந்தது.

"அப்ப மண்தான்," என்றார் மாமி. "எத்தினை நாடு சுத்தினாலும் உயிர் ஊரிலதான் நிக்கும், தம்பி."

"மாமி, அக்கா லிஸ்பனைப் பற்றிக் கதைச்ச அளவுக்கு அளவெட்டியைப் பற்றிக் கதைச்சதில்லை."

"லிஸ்பன் மண்ணுக்கு நான் எங்க போறது? பம்பலப்பிட்டியில விக்குதோ?"

அளவெட்டி மண்ணும் விற்கவில்லை. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. போவதென்றால் அனுமதி எடுத்துக் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். ஒரு பிடி மண்ணுக்காக அனுமதி கேட்டால், அந்த மண் எதற்கு என்று தனியாக ஒரு விசாரணை வைப்பார்கள். அதனால்தான் கறிவேப்பிலைத் தொட்டி.

மண் தெளியும்வரை நாகேந்திரம் மீண்டும் கட்டிலருகில் போய் இருந்தார். அக்காவின் கை சருகுபோல இருந்தது. புதுக்கடையில் வழக்குப் பேசும் அப்புக்காத்தர் ஒருவரின் கந்தோரில் ஆயுள் முழுக்கத் தட்டச்சு அடித்த கை. வருமானம் எல்லாம் போனது பயணத்துக்குத்தான். "கலியாணம் கட்டியிருந்தாலும் செலவுதானே" என்பாள் யாராவது கேட்டால்.

போன கிழமை, பேச்சு இருந்தபோது, அவர் கேட்டிருந்தார். வியாபாரியின் கேள்விதான்.

"அக்கா, இவ்வளவு காசைக் கொட்டி உலகம் பாத்தனீங்கள். கடைசியில என்ன மிஞ்சினது?"

"மிஞ்சிறதுக்கோ போனனான்? நீ படம் பாக்கப் போனால் ரிக்கற்றைக் கொண்டுவந்து பெட்டியில வைக்கிறனியோ?"

தலையணையை உயர்த்தச் சொன்னாள். அன்று அவளுக்குக் கதைக்க மனம் இருந்தது.

"ஒரு ஊருக்குப் போனால் முதல் சந்தைக்குப் போகோணும், தம்பி. மியூசியத்தில ஊர் முழுகிச் சாத்துப்படி போட்டுக்கொண்டு நிக்கும். சந்தையிலதான் பல்லு விளக்காமல் நிக்கும். கெய்ரோவில ஒருத்தன் சால்வைக்கு விலை சொல்லிப்போட்டு, தனக்கு ஆறு பிள்ளை எண்டு அழுதான். எனக்கு ஒண்டுமில்லை, நீதான் எனக்கு இரங்கோணும் எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டுத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். விலை மட்டும் குறைக்கேல்லை. வியாபாரி எண்டால் அவன்!"

"நான் குறைக்கிறனான் எண்டு ஆர் சொன்னது?" என்றார் நாகேந்திரம் ரோசத்தோடு.

"நீ தேத்தண்ணி குடுக்கிறேல்லையே."

அவர் சிரித்துவிட்டுக் கேட்டார். "தனியப் போகப் பயமில்லையோ?"

"ரெண்டு பேராய்ப் போனால் அந்த ரெண்டு பேரும்தான் கதைச்சுக்கொண்டு வருவினம். தனியப் போனால் ஊர் கதைக்கும்." கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தாள். "பயந்தது ஒரேயொரு இடத்தில. எண்பத்திமூண்டு ஆடியில. இந்த ஒழுங்கையில, கீழ் வீட்டு லுத்பியான்ர அலுமாரிக்குப் பின்னால."

கலவரக்காரருக்குப் பயந்து அந்த அலுமாரிக்குப் பின்னால் அன்று நாகேந்திரமும் ஒளிந்து நின்றவர்தான். கரையோர ரயில் ஒன்று யன்னல் கம்பிகளை அதிரவைத்துக்கொண்டு கல்கிசைப் பக்கம் போனது.

"போற இடமெல்லாம் ஏன் வந்தனீர் எண்டு கேப்பாங்கள். இஞ்ச ஆமியின்ர சென்றிப் பொயின்ரிலயும் அதையேதான் கேக்கிறாங்கள். எல்லாருக்கும் நான் ஒரே மறுமொழிதான் சொன்னனான். பாத்திட்டுப் போக வந்தனான்."

அதைச் சொல்லிவிட்டுச் சோடா கேட்டாள். நெல்லிக் கிறஷ் வேண்டாமாம், சோடாதான் வேண்டுமாம். அவர் ஓடிப்போய் வாங்கிவந்தார்.

இப்போது மாமி தெளிந்த மண் தண்ணீரோடு வந்தார். கூடவே பக்கத்து மாடிகளிலிருந்து வந்த சொந்தமும் சுற்றமும் கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்தது. யாரோ தேவாரம் தொடங்கினார்கள். சிவமணி விசும்பினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விசும்பினார்கள். மாமி கரண்டியைச் சரித்தார். கனகேஸ்வரியின் உதடு இறுகியது. தண்ணீர் நாடியால் வழிந்து கழுத்துக்குப் போனது. நெற்றியில் ஒரு மடிப்பு விழுந்தது.

"மண்ணுமில்லை," என்று மாமி தளர்ந்துபோனார். தொழிலில் அவருக்கு இது முதல் தோல்வி. "இவளுக்கு வேற என்னடி ஆசை?"

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு லுத்பியா இஞ்சித் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே நுழைய இடமில்லை.

"யா அல்லா, என்ன சனம்! பிளேன் ஏத்திவிட வந்த மாதிரியெல்லவா ஈக்கிது," என்றாள்.

ஒருவர் அவளை முறைத்தார். நாகேந்திரம் மட்டும் முறைக்கவில்லை. அக்காவின் நெற்றி மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மடிப்பை அவர் முன்னர் ஒருமுறை கண்டிருக்கிறார்.

எழுபத்தெட்டில், அவளுடைய முதற் பயணம். சொந்தம் முழுவதும் ஒரு வான் வண்டியில் அடைந்துகொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனது. மாலை போட்டார்கள். விபூதி பூசினார்கள். பலகாரப் பெட்டி இரண்டு கொடுத்தார்கள். பிறகு, முன்பின் தெரியாத தேசத்துக்கு ஒரு குமர் தனியாகப் போகிறாளே என்று ஒருத்தி அழத் தொடங்க (குமருக்கு வயது அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது), எல்லாரும் அழுதார்கள். அதிகமாக அழுதது நாகேந்திரம்தான். உள்ளே போன கனகேஸ்வரி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர்களைப் பார்த்தாள். பார்த்தபடி நின்றாள். கடைசி அழைப்பும் கொடுத்தாயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து இவர்களோடு வான் வண்டியில் ஏறிவிட்டாள். வரும் வழியில் நீர்கொழும்பில் நிறுத்தி எல்லாரும் சந்தோசமாகச் சாப்பிட்டார்கள். அவள் சாப்பிடவில்லை. நெற்றியில் இந்த மடிப்போடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம்தான் முதல் தடவையாகக் கட்டில் காலியாகிப் போர்வை மடிந்திருந்தது.

அவர் எழும்பினார்.

"மாமி, நீங்கள் காலமை தொடக்கம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கேல்லை. கீழ லுத்பியா வீட்டில போய் இருந்து ஆறுதலாய்த் தேத்தண்ணி குடியுங்கோ. எல்லாரும் போங்கோ."

"உனக்கென்ன விசரே? சீவன் போற நேரம் தனிய விடக்கூடாது. பாவம் வந்து சேரும்."

"என்ர பேரில போடுங்கோ மாமி. நான் பாத்துக்கொள்ளுறன்."

மாமி தன் ஆயுளில் கேட்காத கதை இது. ஆனாலும் காலையிலிருந்து மூன்று மருந்தும் பொய்த்துப்போன களைப்பு. லுத்பியா கையைப் பிடித்து, "வாங்க மாமி, பிஸ்கட்டும் ஈக்கி," என்றதும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். தலை போனால் வால் தானாகப் போகும். அறை காலியானது. சிவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

நாகேந்திரம் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது இவரும் அவளும் மட்டும்.

"அக்கா, எல்லாரும் போட்டினம். நான் ஒருத்தன்தான். சத்தம் போடமாட்டன்."

மடிப்பு அப்படியே இருந்தது.

"சரி, கையை விடுறன்." விட்டார். "கால்மாட்டில நிக்கிறன்."

மூச்சு ஓடியது, நின்றது, ஓடியது. மடிப்பு மாறவில்லை.

"வாசல்ல நிக்கிறனே. அங்கால திரும்பிக்கொண்டு." வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். திரும்பி ஒருமுறை எட்டிப் பார்த்தார். "பல்கனி? அதுக்கு மேல என்னால ஏலாதக்கா. எனக்கும் கட்டுப்படியாகவேணும்."

வெள்ளவத்தையின் காலி வீதிக் கடைத்தெருவில் நாகேந்திரத்தின் வாயால் விலையை இறங்கவைத்தவர் எவருமில்லை. அதற்கு மேல் ஏலாது என்று அவர் சொன்னால் வாடிக்கையாளர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பணப்பையைத் திறப்பார். இவள் திறக்கவில்லை. பல்கனியில் கறிவேப்பிலை வேர் தெரிய நின்றது. சிந்திக் கிடந்த மண்ணைக் காலால் கூட்டித் தொட்டிக்குள் தள்ளினார். இவ்வளவு நாளும் காவல் இருந்தது எதற்கு? யாருக்காக? தனக்காக என்று வந்த பதில் அவருக்கு உவப்பாக இல்லை. ஆனால் பதில் அதுதான்.

உள்ளே போய் அக்காவின் கழுத்தில் வழிந்திருந்த மண் தண்ணீரைச் சால்வையால் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு போனால் அதுவும் ஒரு வழியனுப்பல்தானே. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, குசினி வாசலில் ஒரு கணம் நின்றார்.

"நீரும் உள்ள போகாதையும். கனக்க நேரம் கழிச்சு ஒருக்கா எட்டிப் பாரும்."

"நீங்கள் எங்க போறியள்?"

"வெளியால."

ஒழுங்கை முடிவில், தண்டவாளத்துக்கு இப்பால், மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சென்றி ஆமிக்காரன் கையைக் காட்டினான்.

"கொஹெத மஹத்தயா யன்னே?" எங்கே போகிறீர்கள் என்கிறான்.

அடையாள அட்டையை நீட்டியபடி நாகேந்திரம் யோசித்தார். காரணமில்லாமல் எங்கேயும் போய்ப் பழக்கமில்லாத மனிதர். பொய் சொல்லலாமென்றாலும் ஒரு பொய்யும் வரவில்லை.

"நிகங்," என்றார். சும்மா.

சும்மா என்பது அந்த நாட்களில் சென்றியில் சொல்லக்கூடாத மறுமொழி. ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். பிறகு முகம் விரிந்தது. சிங்களத்தில், "சாறிக் கடை முதலாளிதானே? புதுவருசத்துக்கு அம்மாவுக்கு உங்களிட்டத்தான் சாறி எடுத்தேன்," என்றான்.

"அம்மாவுக்குப் பிடித்ததா?" என்று இவரும் சிங்களத்தில் கேட்டார்.

"பிடித்தது. விலைதான் கூட."

தண்டவாளத்தைக் கடந்து ஒரு கல்லில் போய் இருந்தார். இத்தனை வருடமாக இந்தக் கடலின் இரைச்சலில்தான் நித்திரை கொண்டிருக்கிறார். வந்து இருந்தது கிடையாது. வெயில் சாய்ந்து தண்ணீர் செப்புக் குடம்போல மினுங்கியது. அடிவானத்தில் ஒரு கப்பல் நின்றது. நிற்கிறதென்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தபோது அது நகர்ந்திருந்தது. எங்கே போகிறதோ, யார் யார் அதில் இருக்கிறார்களோ. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றவில்லை. சும்மா பார்ப்பது அவர் நினைத்த அளவுக்குக் கடினமாக இல்லை.

கப்பல் சுண்டுவிரல் நகமளவு ஆனபோது திரும்பிப் பார்த்தார். சிவமணி தண்டவாளத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. கையை ஆட்டிக் கூப்பிடவில்லை. முகம் கழுவித் தலை முடிந்திருந்தாள். காலில் மட்டும் செருப்பு மாறியிருந்தது. ஒன்று அவளுடையது, மற்றது லுத்பியாவின் பச்சைச் செருப்பு.

கல்லருகில் வந்து நின்றாள்.

நாகேந்திரம் எழும்பவில்லை. கல்லில் கொஞ்சம் தள்ளியிருந்து இடம் விட்டார். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். வீட்டில் மாமி தேடுவார், ஐயருக்கு ஆள் அனுப்பவேண்டும், கனடாவில் இருக்கும் சொந்தத்துக்குச் சொல்லவேண்டும். இருவரும் இருந்தார்கள். ஓர் அலை கல்லைத் தாண்டி வந்து, அந்தச் சோடி சேராத இரண்டு செருப்பையும் ஒன்றாக நனைத்துவிட்டுப் போனது.