வெங்கனுக்கு ஒரே ஒரு டிக்கட்

1

இந்தக் கதை ஒரு பயணத் திட்டமாகப் பிறந்தது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்து முடித்திருக்க வேண்டிய விஷயம். முப்பது வருடம் பத்திரிகைகளுக்கு மாத்தளைச் செய்தி எழுதியவன் என்பதால், எதையும் ஒரு தாளோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

எங்கள் வீதியில் நாலு வீடு தள்ளி இருப்பவர் நிஷ்மியா. (உண்மைப் பெயர் வேறு. "எழுதுறதுன்னா எழுதுங்க, பேர மட்டும் மாத்துங்க" என்றார். மாற்றுப் பெயரையும் அவரே தந்தார். பள்ளிக்கூடத்தில் தனக்குக் கொஞ்சமும் ஆகாத ஒருத்தியின் பெயராம்.) அறுபதைத் தாண்டியவர். கணவர் ஸக்கரியா, மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர், சில வருடங்களுக்கு முன் காலமானார். ஒரே மகன் அகீல் சுவிட்சர்லாந்தில், பேர்ன் நகரில் வேலை செய்கிறான். உம்மாவை ஒரு மாதம் வந்திருக்கச் சொல்லி விசா எடுத்துவிட்டான்.

ஒரு காலையில் நிஷ்மியா எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மகேஸண்ணன், அங்க போனா ஒரு நாளைக்கு மட்டும் நான் தனியா ரயில்ல மலைக்குப் போகணும். எங்க ஏறுறது, எங்க மாறுறது, எப்ப திரும்புறது, எல்லாத்தையும் தமிழ்ல எழுதித் தாங்க. மகனுக்குச் செல்ல வாணாம்."

மகனிடம் சொல்ல வேண்டாம் என்ற அந்தக் கடைசி வார்த்தைகள் இல்லாவிட்டால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய சிகரங்களின் நடுவே ஒரு சிறிய ரயில் மெல்ல ஊர்ந்து—"

விட்டுவிட்டேன். நான் பனியைப் பார்த்தவனில்லை. மாத்தளையில் குளிர் என்று நாங்கள் சொல்வது மார்கழி விடியலில் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதை.

இரண்டாவது தொடக்கம்: "நாற்பது வருடங்களாக நிஷ்மியா ஓர் இரகசியத்தைச் சுமந்துகொண்டிருந்தார்."

தனியாகப் போக ஆசைப்படும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய காதல் இருக்க வேண்டும் என்று கதை எழுதுகிறவனின் கை தானாகவே நினைத்துக்கொள்கிறது. வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கா? ஸக்கரியாவோட சண்ட புடிக்கவே நேரம் காணாது. இதுல இன்னொருத்தருக்கு எங்க போறது?"

மூன்றாவது தொடக்கம்: "மாத்தளையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மாத்தளையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ஆகவே எங்களுக்கு ரயில் என்றால் முதலில் கண்டி, அதற்குப் பிறகுதான் உலகம். அந்த நாட்களில் ஓகஸ்ட் விடுமுறைக்கு ஸக்கரியாவின் குடும்பம் முழுவதும் பண்டாரவளைக்குப் போகும். கண்டியில் பதுளை ரயில் நிற்பதற்கு முன்பே ஸக்கரியாவும், நிஷ்மியாவின் தம்பி ரிஸ்வியும் அதனோடு சேர்ந்து ஓடி, ஜன்னல் வழியாக லேஞ்சிகளை வீசுவார்கள். லேஞ்சி* கிடக்கும் இருக்கை பிடிக்கப்பட்ட இருக்கை. எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அந்தத் துண்டுத் துணியை யாரும் எடுத்து எறிந்து நான் பார்த்ததில்லை.

(* கைக்குட்டை. என் அப்பாவின் நீலக்கரை லேஞ்சியும் அப்படிப் பல ஜன்னல்களுக்குள் பறந்திருக்கிறது. ஈரமான இரும்பின் வாசம், வடை விற்பவரின் குரல், சுரங்கம் வந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் போடும் 'ஹூ' சத்தம். இந்த அடிக்குறிப்பை நிறுத்தாவிட்டால் கதையை விழுங்கிவிடும்.)

அந்தப் பயணங்களில் நிஷ்மியாவின் இடம் நடு இருக்கை. மடியில் சாப்பாட்டுக் கூடை.

"பன்னு, அவிச்ச முட்ட, சம்பல். ஒரு முட்ட உரிச்சா மூணு கை நீளும். இதல்கஸ்ஹின்னயில ரெண்டு பக்கமும் பள்ளம்னு எல்லாரும் எழும்பி நின்னு கத்துவாங்க. 'பாருங்க, பாருங்க'ம்பாரு அவரு. நான் கையத் தொடச்சிட்டுத் தலயத் தூக்கினா சுரங்கம் வந்திரும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். எத்தன வருஷம் போனேன். அந்தப் பாதையில எனக்குத் தெரிஞ்சது முட்டயும் இருட்டும்தான்."

செய்தியாளனுக்கே உரிய கேள்வியைக் கேட்டேன்: கவலையாக இருந்ததா?

"சீ, சீ. அந்த நாள் மாதிரி வருமா? அவரு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இரிக்கி. திரும்ப ஒரு தரம் கெடச்சா அதே கூடைய மடியில வெச்சிட்டு அதே எடத்துல இருப்பேன். ஆனா மலையப் பாக்கல. அது வேற, இது வேற."

இந்த இடத்தில் "நிஷ்மியாவின் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். பிரதியைப் படித்துவிட்டு அதன்மேல் விரலை வைத்தார்.

"நான் எங்க அழுதேன்? மிளகு காயப்போட்டுக் கிளறிட்டிருந்தேன். அதுக்கு யாருக்குத்தான் கண்ணு கலங்காது?"

வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மிளகு இருக்கட்டும்.

4

திட்டம் போட உட்கார்ந்தோம். பேர்னில் ஏறி இன்டர்லாக்கன். அங்கே மாறி லவுட்டர்புருன்னன். மறுபடி மாறி, பல்சக்கரம் வைத்த மலை ரயிலில் வெங்கன். வெங்கனுக்குக் காரில் போக முடியாது, ரயில்தான் வழி என்று இணையத்தில் வாசித்துச் சொன்னேன்.

"கார் போகாத ஊரா? அப்ப அதுதான். இல்லாட்டி அகீல் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு நிப்பான்." கொஞ்சம் யோசித்தார். "அங்கயும் லேஞ்சி போடலாமா?"

"போட்டா யாரோ தவறவிட்டதுன்னு எடுத்து ஸ்டேஷன்ல குடுத்துருவாங்க."

"பாவம், நல்ல ஜனங்க."

இப்படியாக ஒரு தாள் தயாரானது. காலையில் புறப்பாடு. பதினொரு மணிக்கு வெங்கன். பன்னிரண்டு மணி ரயிலில் இறக்கம். மலைக்கு ஒரு மணித்தியாலம்.

அது ஏன் ஒரு மணித்தியாலம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. பகல் ரயிலை விட்டால் அடுத்தது எப்போது வரும், வருமா என்று தெரியாத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். திரும்பும் ரயிலை முதலில் மனதில் பிடித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் போன காரியத்தைப் பார்ப்போம். மறுநாள் நேர அட்டவணையை ஆறுதலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெங்கனிலிருந்து பகல் முழுவதும் அரை மணிக்கொரு ரயில், இரவிலும் உண்டு. போய்ச் சொன்னேன்.

"அப்ப கோச்சியத் தவற விடவே ஏலாதா?"

"ஏலாது. ஒண்ண விட்டா இன்னொண்ணு வரும்."

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் பயந்துபோனதைப் போலத்தான் இருந்தது. பிறகு சொன்னார்:

"அப்ப திரும்புற நேரத்த வெட்டிருங்க."

வெட்டினேன்.

5

ரிஸ்விக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அலுவிகாரையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். கடையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார்.

"மகேஸண்ணன், தாத்தாவுக்கு இந்தப் புத்தியச் சென்னது நீங்களா?"

(எங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். இந்தக் கதையில் கிழவர் யாரும் இல்லை.)

நான் பதில் சொல்வதற்குள் தாத்தாவே வந்துவிட்டார்.

"என்னடா, அண்ணனப் புடிச்சி ஏசுற? என்னக் கேளு."

"பொம்புள தூரப் பயணம் போறதுன்னா மஹ்ரம் ஒருத்தர் கூட இருக்கணும், தாத்தா. உங்களுக்குத் தெரியாததா? புருஷன் இல்லாட்டி மகன், மகன் இல்லாட்டித் தம்பி."

"சரி. கட்டுநாயக்காவுல ஏறி டோஹா, டோஹாவுல மாறி சூரிச். நான் தனியாத்தானே போறேன்? அந்த டிக்கட்டப் போட்டது யாரு?"

"நான்தான். அது பிளேன். இந்தப் பக்கம் நான் ஏத்தி விடுறேன், அந்தப் பக்கம் அகீல் எறக்கி எடுப்பான்."

"நடுவுல ஆகாசத்துல?"

ரிஸ்வி என்னைப் பார்த்தார். நான் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன்.

"ஆகாசத்துல வாணாம், மலைக்கு மட்டும் வேணுமா? செல்லுடா."

"உங்களோட பேசி வெல்ல ஏலாது." தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார். "அகீல்ட்ட கேளுங்க. அவன் சரின்னா எனக்கும் சரி."

ரிஸ்வியைக் கெட்டவராக எழுதினால் கதை இலகுவாக ஓடும். ஆனால் அக்காவுக்கு இருக்கை பிடிப்பதற்காக ஓடும் ரயிலோடு ஓடியவர் அவர். இப்போதும் அதைத்தான் செய்கிறார்.

6

அகீலிலும் இதே சிக்கல். நன்றி கெட்ட மகன், உம்மாவைத் தனியே விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவன் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். உண்மை அகீல் ரிஸ்வியோடு பேசிய கையோடு உம்மாவை அழைத்திருக்கிறான். அவன் சொன்னதை நிஷ்மியா அப்படியே எனக்குச் சொன்னார்:

"உம்மா, மலைக்கு ரயில்ல போக ஆசையாம்னு மாமா சென்னாரு. என்கிட்ட செல்ல வெக்கமா? நான் லீவு போட்டுட்டேன். ரெண்டு பேரும் போவோம். பன்னு, முட்ட எல்லாம் கட்டிட்டுப் போவோம், அந்த நாள் மாதிரி. நீங்க உரிச்சித் தரணும், சரியா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'பொறகு பேசுவோம் மகன்'னு வெச்சிட்டேன்." முக்காட்டின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். "அவனுக்கு அந்தப் பயணம்னா என் கைதான் ஞாபகம், அண்ணன். அதப் போய் நான் எப்பிடி வாணாங்கிறது?"

7

முடிவு ஒன்று: இருவரும் போகிறார்கள். பெரிய கண்ணாடி ஜன்னல். நிஷ்மியா முட்டை உரிக்கிறார். "பாருங்க உம்மா" என்கிறான் அகீல்.

இதை என்னால் நன்றாக எழுத முடியும். வாசிப்பவர்களுக்கும் தொண்டை அடைக்கும். அதனாலேயே இதை நம்பவில்லை.

முடிவு இரண்டு: அகீல் வேலைக்குப் போன பின் நிஷ்மியா சொல்லாமல் கிளம்புகிறார்.

"ஐயோ, புள்ள வீட்டுக்கு வந்து என்னக் காணாட்டி பைத்தியம் புடிச்சிரும் அவனுக்கு. அத வெட்டுங்க."

முடிவு மூன்று: மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். இதற்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. நான் எழுதித் தந்தேன்.

"மகன், எனக்குக் கொஞ்சம் தனிமை வேணும்."

"தனிமையா? அவன் அப்பவே டொக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருவான்."

இரண்டாவது: "லீவ வீணாக்க வாணாம் மகன்."

"அது பொய். லீவுக்காகவா நான் செல்றேன்?"

மூன்றாவது: "நீங்க வர வாணாம் மகன்."

இதை அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சத்தம் இன்னும் குறைந்தது.

"இத நான் அவனுக்கு ஒரு நாளும் சென்னதில்ல, அண்ணன். அவன் தவழ்ந்த நாள்ல இருந்து 'வாங்க, வாங்க' மட்டுந்தான்."

8

நேற்றுப் பின்னேரம் எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து இதுவரை எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை விமானம். மேசையில் கிடந்த போன் அடித்தது. திரையில் அகீலின் முகம்.

நிஷ்மியா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைக் கையில் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓ மகன். சாப்பிட்டீங்களா? ம்... கேளுங்க, ஒண்ணு செல்லணும்."

ஒரு வாக்கியம் பிறக்கப்போகும் இடத்தைவிட்டு நான் என் தொழிற்காலத்தில் ஒருபோதும் எழுந்து போனதில்லை. நேற்றுப் போனேன். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் எழுதவும் முடியாது.

மிச்சம் உங்களிடம். அந்த மூன்றாவது வாக்கியத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், உங்கள் அம்மாவின் குரலில். உங்கள் பெயரைச் சொல்லி எப்படி அழைப்பாரோ அப்படி அழைத்து, "வர வேண்டாம்" என்று முடியுங்கள்.

கேட்டாயிற்றா? இப்போது மறுமுனையில் இருப்பது நீங்கள். பதில் சொல்லுங்கள். அவர் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.