கிணற்றடிக் கும்மி

தறியில் உட்கார்ந்து துணி நெய்யாமல் பாட்டுக் கட்டும் புத்தி எனக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. பத்து வருஷம் சந்தை சந்தையாகப் பாடித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். கள்ளை எதிர்த்துப் பாடினேன். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு நேரே கள்ளுக்கடைக்குத்தான் போனார்கள். அலுத்துப்போய் இனிமேல் எழுதுவதில்லை என்றுகூட இருந்தேன்.

அப்போதுதான் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஊர்க்கவுண்டர் பெரியசாமி ஆளனுப்பினார். மாரியம்மன் நோம்பிக்கு என் கிணற்றுப் பாட்டைப் பெண்கள் கும்மி அடிக்கிறார்களாம், நான் வந்து பார்க்க வேண்டுமாம். சேரி ஜனங்களைப் பொதுக்கிணற்றில் தண்ணீர் சேந்த விடாத கொடுமையைப் பற்றிய பாட்டு அது. பூமிக்கடியில் ஊறுகிற ஊற்று யாரிடம் ஜாதி கேட்டது என்று ஆரம்பிக்கும். நன்றாக வருகிறதே என்ற கர்வத்தில் பதினாறு சரணம் நீட்டியிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் வெயிலில் நடந்தேன். ஊருக்குள் நுழையும்போதே என் பாட்டு காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது.

"வாங்க கவிராயரே! எங்கூட்டுப் பொம்பளைங்க எப்பிடிப் பாடறாங்க பாருங்க" என்றார் பெரியசாமி.

இருபது பெண்கள் ஊர்ப் பொதுக்கிணற்றைச் சுற்றிக் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிகூடத் தப்பவில்லை. சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில், வெறும் குடத்தோடு ஒருத்தி நின்றாள். பாட்டு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று பூரித்துப்போய் அவளிடம் போனேன்.

"ஏம்மா, பாட்டுக் கேக்க வந்தியா?"

"இல்லீங்க சாமி, தண்ணிக்குங்க. ஆராச்சும் சேந்தி ஊத்துனாத்தான் எங்களுக்கு. எல்லாரும் கும்மிக்குப் போயிட்டாங்க. மக காலையில பெத்திருக்கறா. கொழந்தையக் கழுவக்கூட ஊட்டுல சொட்டுத் தண்ணி இல்லீங்க."

"எவ்வளவு நேரமா நிக்கறே?"

"வெயிலேற வந்தனுங்க. முடிஞ்சதுமே மறுக்கா மொதல்ல இருந்து பாடறாங்க. ஆரு கட்டுன பாட்டோ, நீண்டுகிட்டே போகுதுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. கும்மி அடித்தவர்களில் ஒருத்தி திரும்பி, "இரு சின்னாயி, இது முடியட்டும், ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சரணத்துக்குக் கை தட்டினாள். நல்ல மனசுக்காரிதான்.

நான் கும்மிக்குள் புகுந்து கயிற்றைப் பிடித்தேன். "கவிராயரே தண்ணி சேந்தறாரு!" என்று பெரியசாமி சிரித்தார். பெண்களும் சிரித்தபடி வழிவிட்டார்கள். ஒரு வாளி சேந்தித் தூக்கிக்கொண்டு போனேன். சின்னாயி குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய் நின்றாள்.

"வாம்மா, நீயே வந்து சேந்திக்கோ" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பெரியசாமி பார்த்துக்கொண்டிருந்தார். வாளி குடத்தில் படாமல், உயரத் தூக்கி ஊற்றினேன்.

குடம் நிறைந்தது. நான் விலகியபிறகுதான் அவள் கிட்டே வந்தாள்.

"மகராசனா இருக்கோணுஞ் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நானும் அதை வாங்கிக்கொண்டேன்.